லாச்சிக்குள் இருந்த புள்ளிப் புத்தகம்

திங்கட்கிழமையிலிருந்து என் கதிரையில் நீங்கள் இருவரும் மாறி மாறி இருக்கப் போகிறீர்கள். கண்ணாடிக் கடைச் சாவி எங்கே தொங்குகிறது, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் வில்லைப் பெட்டியை எந்த பஸ்ஸில் ஏற்ற வேண்டும், எந்த வகைச் சட்டத்தில் ஆணி கழன்று விழும் என்பதையெல்லாம் முதலாளி சொல்லித் தருவார். அவர் சொல்ல மாட்டாத ஒன்றை நான் எழுதி வைத்துவிட்டு வவுனியாவுக்குப் போகிறேன். முப்பத்திரண்டு வயதில் பென்சன் எடுத்தவள்போலப் புத்தி சொல்கிறாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஒன்பது வருடம் ஊர்காவற்றுறையில் இருந்துகொண்டு இந்தத் தீவுகளின் கண்களைப் பார்த்திருக்கிறேன். பெருமையாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, சொல்லப் பிடிக்காத ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

உங்களிடமும் ஒருநாள் யாராவது வந்து, நிறம் பிரித்துக் காட்டும் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்பார்கள். கேட்கும்போது அவர்கள் கையில் போன் இருக்கும். அதில் யாரோ ஒருவர் கண்ணாடியைப் போட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். படிப்பு முடித்து வந்த உங்களுக்கு விடை தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. பிறவியில் கண்ணில் இல்லாததை அந்தக் கண்ணாடி கொண்டுவந்து வைக்காது. சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று குழம்புகிற ஒளியில் ஒரு பகுதியைத் தடுத்துவிடும், அவ்வளவுதான். அதனால் சிலருக்குச் சில நிறங்கள் கொஞ்சம் விலகித் தெரியும். சிலருக்கு ஒன்றுமே மாறாது. எல்லோருக்கும் வெளிச்சம் மட்டும் குறையும்.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் நான் பிழை செய்தேன்.

சேவியர் அண்ணை நெடுந்தீவுக்காரர். அப்போது நாற்பது வயதிருக்கும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் சீமெந்து, அரிசி, சீனி என்று சாமான் ஏற்றும் வள்ளமொன்றில் கயிறு பிடிக்கிற வேலை. வள்ளத்தை ஓட்டுகிறவர் மகனிடம் கொழும்புக்குப் போகப் போவதால், வள்ளத்துச் சொந்தக்காரர் இவரை ஓட்டியாக்க நினைத்தார். பதினெட்டு வருடம் கயிறு பிடித்தவருக்கு அது பெரிய ஏற்றம். கண்ணைப் பரிசோதித்து ஒரு துண்டு எழுதி வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணையும் அவருடைய மனைவி றீற்றா அக்காவும் கடல் தாண்டி, பிறகு இரண்டு பஸ் மாறி எங்கள் கடைக்கு வந்தார்கள்.

தூரப் பார்வை அவருக்குக் கழுகுபோல. பிறகு நான் மேசை லாச்சியைத் திறந்து புள்ளிப் புத்தகத்தை எடுத்தேன். நிறப் புள்ளிகளுக்கிடையில் இலக்கம் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகம்தான். முதல் பக்கத்தை வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றார்.

"இதிலை என்ன இருக்கு அண்ணை?"

"புள்ளி இருக்கு பிள்ளை."

"புள்ளிக்குள்ளை இலக்கம் ஏதும்?"

"நீர் இருக்கெண்டு சொன்னா இருக்கும்."

றீற்றா அக்கா சிரித்துவிட்டா. "உவரை மிளகாய் ஆய விட்டா பழமும் பச்சையும் சேர்த்துத்தான் கொண்டு வருவார். நான் இருந்து பிரிக்கவேணும். சேலை எடுக்கப் போனாலும் கடைக்காரப் பொடிச்சியைத்தான் கேப்பார்."

"கேட்டா என்ன? வாய் இருக்குத்தானே," என்று சிரித்தார் அண்ணை.

அந்த வாக்கியத்தை அன்று நான் கவனிக்கவில்லை.

துண்டில், சிவப்பு பச்சை பிரித்தறிவதில் குறைபாடு உண்டு என்று எழுதினேன். அதை அவர் கையில் கொடுப்பதற்குள் போன் அடித்தது. கனடாவிலிருந்து அவருடைய பெரியண்ணன். பரிசோதனை எப்படிப் போனது என்று கேட்கத்தான் எடுத்திருந்தார். றீற்றா அக்கா விஷயத்தைச் சொல்ல, போன் என் கைக்கு வந்தது.

"பிள்ளை, நீர்தானோ உங்கை கண் பாக்கிறது?"

"ஓம் அண்ணை."

"டொக்டரோ?"

"இல்லை. கண் பரிசோதகர்."

"ஆ. அப்ப உமக்கு இது தெரியாமல் இருக்கும். இஞ்சை ஒரு கண்ணாடி இருக்கு, கலர் தெரியாத ஆக்களுக்கு. போட்ட உடனை அழுது போடுதுகள். உங்கை உதெல்லாம் எங்கை வரப்போகுது."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா நண்டு வலை போடுகிறவர். அம்மா இன்றைக்கும் பெருவிரல்தான் வைப்பா. நான் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று அப்பா பார்க்க வந்தார். காலில் மண் என்று உள்ளே வராமல் கதவடியிலேயே நின்று, சுவரில் மாட்டியிருந்த என் சான்றிதழைப் பார்த்துவிட்டுப் போனார். எழுத்துக் கூட்டத் தெரியாதவர், என் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அந்தப் பெருமையை நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் "உமக்குத் தெரியாமல் இருக்கும்" என்று ஒருவர் சொன்னதும் என் வாயைத் திறந்தது அந்தப் பெருமைதான்.

"ஏன் தெரியாது அண்ணை, தெரியும். நல்ல கண்ணாடி. சிலருக்கு நல்லா வேலை செய்யும்."

"அப்ப வாங்கலாம்?"

"வாங்கிப் பாக்கலாம்."

நான் சொன்னதில் பொய் இல்லை. "சிலருக்கு" என்றுதானே சொன்னேன். அவருக்குக் கேட்டது "நல்லா" மட்டும். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: "கடலிலை வள்ளம் ஓட்டுறதுக்கு எண்டா இது உதவாது அண்ணை. வேண்டாம்." அவர் எதற்காகக் கண்ணாடி தேடுகிறார் என்று கேட்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. வள்ளம் ஓட்டுவதற்காக நான் எழுதிய துண்டு என் கையில்தான் இருந்தது.

இன்னொன்று. பேச்சு முழுவதும் எனக்கும் கனடாவுக்கும் இடையில் நடந்தது. சேவியர் அண்ணை சுவரில் தொங்கிய கண்ணாடிச் சட்டங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்ணைப் பற்றிய பேச்சு அது.

இரண்டு மாதத்தில், கோயில் திருநாளுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய கண்ணாடி வந்து சேர்ந்தது. அதை வீட்டில் பிரிக்கக் கூடாது, கண் பார்க்கிற பிள்ளைதான் போட்டுவிட வேண்டும் என்று பெரியண்ணன் சொல்லியிருந்தார். அந்த மரியாதை எனக்கு இனித்தது. இரண்டு மகள்மாரோடும் வந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. வெளிநாட்டிலிருந்து ஒரு சாமான் வந்தால், அதைப் பிரிப்பதையும் பாவிப்பதையும் அனுப்பியவருக்குக் காட்ட வேண்டும். குளிர்பெட்டி வந்தால் கதவைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் காட்டுவோம். அதுபோல மூத்த மகள் போனைப் பிடித்தாள். திரையில் பெரியண்ணன், அவருடைய மனைவி, பின்னால் கதிரைகளில் அவர்கள் வீட்டு ஆட்கள்.

றீற்றா அக்கா ஒரு கையில் சிவப்புச் சேலையும் மறு கையில் பச்சைச் சேலையும் வைத்துக்கொண்டு எதிரே நின்றா. நான் அண்ணைக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டேன்.

அண்ணை கடைக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார். திரும்பிச் சேலைகளைப் பார்த்தார்.

"என்னடா, தெரியுதோ?" போனுக்குள்ளிருந்து பெரியண்ணன்.

நானும் கேட்டேன். "தெரியுதோ அண்ணை? எது சிவப்பு?"

அவர் சேலைகளைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அக்காவின் வலது கை கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான், ஒரு விரலளவு. அண்ணை அந்தக் கையைக் காட்டினார்.

"இது."

எல்லோரும் கைதட்டினார்கள். சேவியர் அண்ணை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் தெரியுது அண்ணை. நல்லாத் தெரியுது." கனடாவில் பெரியண்ணனும் அழுதார். முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் தன்னுடைய போனில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் கை அசைந்ததை நான் கண்டேன். கண்டேன் என்பது அந்த நேரமே எனக்குத் தெரியும். புள்ளிப் புத்தகம் என் முழங்காலுக்கு நேரே லாச்சிக்குள் இருந்தது. அதை எடுத்து இரண்டாம் பக்கத்தை விரித்தால் போதும். ஆனால் கனடா பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்றே முதலாளி அந்த வீடியோவைக் கடையின் முகநூல் பக்கத்தில் போட்டார். ஊர்க்காரர், லண்டன்காரர், பாரிஸ்காரர் எல்லோரும் பார்த்தார்கள். எழுதியவர்களில் பலர் என்னையும் புகழ்ந்திருந்தார்கள். நான் அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

சில மாதம் கழிந்து, வாடைக்காற்று விட்ட பிறகு ஒரு காலை, றீற்றா அக்கா தனியாக வந்தா. கைலேஞ்சித் துணியில் சுற்றியிருந்த கண்ணாடியை மேசையில் வைத்தா.

"இந்தாரும். இது உம்மடை."

"என்ன அக்கா, சட்டம் உடைஞ்சிட்டுதோ?"

"சட்டம் உடையேல்லை. வள்ளம் உடைஞ்சுது."

நடந்ததை அவ சொன்னபடியே எழுதுகிறேன். வள்ளத்துச் சொந்தக்காரர் நான் எழுதிய துண்டைத் தூக்கி ஒரு பக்கம் போட்டுவிட்டார். "துண்டு என்னத்துக்கு? வீடியோ பாத்தனான்தானே," என்று சொல்லி அண்ணையை ஓட்டியாக்கிவிட்டார். நெடுந்தீவு இறங்குதுறைக்குப் போகிற வழியில் கல் இருக்கிற பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பும், வழி இருக்கிற பக்கத்தில் பச்சைத் துணி கட்டிய கம்பும் நட்டிருப்பார்கள். பழைய கம்புகளின் இடம் அண்ணைக்கு மனப்பாடம். காற்றுக்கால அலையடியில் அவை சாய்ந்துபோக, வேறு இடங்களில் புதிதாக நட்டிருந்தார்கள். அன்று மழை மூட்டம். மூக்கில் கனடாக் கண்ணாடி. வள்ளத்தைப் பிழையான பக்கத்தால் எடுத்துவிட்டார். கல் அடிப்பலகையைப் பிளந்தது. சீனியும் சீமெந்தும் தண்ணீருக்குள் போயின. கூட நின்ற குணம் என்பவரின் இரண்டு விரல்கள் கயிற்றுக்கும் பலகைக்கும் இடையில் நசிந்துவிட்டன. ஆழம் குறைவு என்பதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சொந்தக்காரர் அண்ணையை ஓட்டி வேலையிலிருந்து மட்டும் நிறுத்தவில்லை. கயிறு பிடிக்கவும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"அக்கா, அவருக்கு ஒண்டும் தெரியேல்லை எண்டு நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாமே."

சொன்ன உடனேயே, சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது.

"எப்பிடிச் சொல்லுறது பிள்ளை? எங்கடை கூரை பெரியண்ணை போட்டது. மூத்தவளின்ரை படிப்பு அவர் தாறது. அப்பிடிப்பட்ட மனுசனுக்கு முன்னாலை, நீங்கள் அனுப்பினது வேலை செய்யேல்லை எண்டு சொல்லுறதுக்கு எங்களுக்கு வாய் இல்லை. உமக்கு இருந்தது. உம்மடை வீட்டுக்கு அவர் கூரை போடேல்லை."

நான் மேசையிலிருந்த கண்ணாடியை என் பக்கம் இழுத்தேன்.

"நான் கையை ஆட்டினதை நீர் காணேல்லையோ?"

"கண்டனான் அக்கா."

"கண்டனீர்," என்றா. திட்டவில்லை. கைலேஞ்சியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டா. அவ திட்டியிருந்தால் நானும் ஏதாவது நியாயம் சொல்லியிருப்பேன்.

மாதம் ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் கடைக்கு வரும் கண் டொக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் அதிகம் பேசாத மனுசர். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "புள்ளிப் புத்தகம் அப்ப எங்கை இருந்தது?" என்றார்.

"லாச்சிக்குள்ளை, டொக்டர்."

"சரி. அடுத்த ஆளைக் கூப்பிடும்."

அதற்கடுத்த மாதம் கண் பரிசோதனை முகாமுக்காக நெடுந்தீவுக்குப் போனபோது அண்ணையைத் தேடிப் போனேன். ஒருவருடைய மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், கடையில் சிரித்த அதே சிரிப்பு.

"வாரும் பிள்ளை. இந்த வேலைக்கு உம்மடை துண்டு தேவையில்லை. பச்சை மாடு எண்டு ஒண்டு இல்லைத்தானே."

என்னால் சிரிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்போல் மாட்டை ஒதுக்கிவிட்டார். பிறகு, கேட்காமலே சொன்னார்.

"கண்ணாடியிலை பிழை இல்லைப் பிள்ளை. அது கொஞ்சம் இருட்டு, அவ்வளவுதான். அண்டைக்கு நான் கேட்டிருக்க வேணும்."

"ஆரை?"

"குணத்தை. ஓட்டிக்கு வழி சொல்லேக்கை பதினெட்டு வருசமாக் கேட்டனான்தானே. 'டேய், உந்தக் கம்பிலை என்ன துணி?' எண்டு கேப்பன். 'பொம்பிளையின்ரை சேலையை மட்டும் பாக்கத் தெரியுது, துணி தெரியாதோ' எண்டு பகிடி விட்டுப்போட்டுச் சொல்லுவான். ஒருநாளும் பிழையாச் சொன்னதில்லை. கண்ணாடி வந்தாப் பிறகு எப்பிடிக் கேக்கிறது? 'கனடாக் கண் இருக்கு, இனி நான் என்னத்துக்கு' எண்டு அவன் முன்னுக்குப் போய் நிண்டிட்டான். நான் கேக்கேல்லை."

தங்கச்சிமாரே, இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள். நான் அந்தக் கண்ணாடி அவருக்கு ஒன்றும் தராது என்றுதான் நினைத்திருந்தேன். அது அவரிடமிருந்து ஒன்றை எடுத்துவிடும் என்று நினைக்கவில்லை. அவரிடம் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. வாயால் கேட்கிற வழி. முதல்நாளே கடையில் வைத்து எனக்குச் சொன்னாரே, "வாய் இருக்குத்தானே" என்று. கண்ணாடி அந்த வாயை அடைத்துவிட்டது.

நான் எழும்பியபோது பின்னால் கூப்பிட்டார்.

"பிள்ளை, பெரியண்ணைக்குச் சொல்லிப்போடாதையும். வள்ளம் விக்கப்பட்டுது, அதாலை வேலை போச்செண்டு சொல்லியிருக்கிறம். அந்த வீடியோவை அவர் வாற போற ஆக்களுக்கெல்லாம் காட்டுறாராம்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கும் எனக்கு ஒரு பாரம். ஏனென்றால் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பெரியண்ணன் எனக்கு வாழ்த்து அனுப்புகிறார். "என்ரை தம்பிக்குக் கண் குடுத்த பிள்ளை" என்று எழுதுகிறார். நான் நன்றி என்று பதில் எழுதுகிறேன்.

அப்படியென்றால் அந்தக் கண்ணாடியை யாருக்குமே வேண்டாம் என்று சொல்லலாமா? அப்படியும் சொல்லாதீர்கள். கரம்பொன்னிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அதே வீடியோவைக் காட்டிக்கொண்டு வந்தார். மகளும் மருமகனும் கூட வந்திருந்தார்கள். அவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். என்னத்துக்கு வேண்டும் என்று கேட்டேன். "ஒண்டுக்குமில்லை, எங்கடை வளவிலை செவ்வரத்தை பூத்து நிக்குது, எல்லாரும் வடிவு எண்டினம்," என்றார். புள்ளிப் புத்தகத்தை விரித்தேன். றீற்றா அக்கா விட்டுப்போன கண்ணாடியைப் போட்டு, கடைக்குப் பின்னாலிருந்த செவ்வரத்தையடியில் அவரைத் தனியாக நிற்க விட்டேன். கனநேரம் நின்றார். "இவ்வளவு பூவோ இதிலை?" என்று கேட்டார். அழவில்லை. திரும்பப் புத்தகத்தைக் காட்டினேன். சில பக்கம் பிடிபட்டது, சில பக்கம் இல்லை. இது பூப் பார்க்கத்தான், ரோட்டுக்கு இல்லை, மங்கல் வெளிச்சத்துக்கு இல்லை, தெரியாததை ஆட்களிடம் கேட்பதை விட்டுவிடக் கூடாது என்று சொன்னேன். யோசித்து வாங்கினார். அவருக்கு அது பெறுமதியான சாமான்தான்.

சேவியர் அண்ணைக்கும் இதையே செய்ய எனக்குக் கால்மணி நேரம் போதுமாக இருந்திருக்கும்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி முதலாளியை மூன்று தரம் கேட்டேன். "அது கடைக்கு வந்த அதிர்ஷ்டம் பிள்ளை," என்கிறார். ஆகவே நீங்கள் வேலைக்கு வரும்போதும் அது அங்கேயே இருக்கும். யாராவது அதைக் காட்டி, எனக்கும் இந்தக் கண்ணாடி வேண்டும் என்பார்கள். புத்தகம் வலப்பக்கத்து மேல் லாச்சியில் இருக்கிறது. அதன் பூட்டை நான் கழற்றிவிட்டேன்.

அதற்கு முன் நீங்கள் இருவரும் ஒருதரம் அந்த வீடியோவைப் பாருங்கள். எல்லோரும் அண்ணையின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் அதைப் பார்க்க வேண்டாம். பச்சைச் சேலையையும் சிவப்புச் சேலையையும் பிடித்துக்கொண்டு நிற்கிற பொம்பிளையின் வலது கையைப் பாருங்கள். அது அசைவதற்குச் சற்று முன், "தெரியுதோ அண்ணை? எது சிவப்பு?" என்று ஒரு குரல் கேட்கும். அது என்னுடைய குரல். கை அசைந்த பிறகும் அந்தக் குரல் இன்னொரு கேள்வி கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். கைதட்டல்தான் கேட்கும்.